1780களின் ஆங்கில கவுன் தைக்க: உள்ளிருந்து வெளியே, படிப்படியாக

18ஆம் நூற்றாண்டுப் பெண்களின் உடையைத் தைக்க ஆசைப்படுகிற பலரும் முதலில் கை வைப்பது கவுனில்தான். நல்ல பூத்துணி வாங்கி, படத்தைப் பார்த்து வெட்டித் தைத்துப் போட்டால் மார்பில் சுருக்கம் விழும், பாவாடை கால்களோடு ஒட்டித் தொங்கும். அந்த உடைக்கு உருவம் கொடுப்பவை உள்ளே இருக்கும் ஸ்டேஸும் (பட்டைகள் செருகி, பின்னால் நாடாவால் கட்டும் கெட்டியான உள்மேலாடை), பாவாடைக்கு அடியில் கட்டும் பஞ்சு வைத்த இடுப்பு மெத்தையும்தான். அவை இரண்டும் தயாராகும் வரை கவுனுக்குச் சரியான அளவே எடுக்க முடியாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் தைத்தால் துணியும் பணமும் மிச்சம்.

இங்கே ஒரே ஒரு உடையை எடுத்துக்கொள்கிறோம்: இங்கிலாந்து, 1780 முதல் 1785 வரை, நடுத்தரக் குடும்பத்துப் பெண் பகலில் உடுத்திய அச்சுப் பருத்தி கவுன். முதுகில் உடம்போடு ஒட்டி, முன்பக்கம் நடுவில் சேர்ந்து, குண்டூசியால் மூடுவது. ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களால் இதைத் தைக்க முடியும்.

1. ஆண்டையும் ஆளையும் எழுதி வையுங்கள்

“18ஆம் நூற்றாண்டு” என்று மட்டும் சொல்லித் துணி வாங்கக் கிளம்பாதீர்கள். 1750இல் பாவாடை இரு பக்கமும் அகன்று நிற்கும், அதற்கு வளையச் சட்டம் வேண்டும். 1785இல் பக்கம் அடங்கி, பின்புறம் பருத்திருக்கும். முதுகில் பெரிய மடிப்புகள் தோளிலிருந்து தரை வரை விழும் ரோப் ஆ லா ஃபிரான்ஸேஸ் வேறு வெட்டு. அதற்குத் துணியும் கூடுதல், புதியவர்களுக்கு அது வேண்டாம்.

ஒரு கோப்பு போடுங்கள். அதில் மூன்று தாள்கள் இருந்தால் போதும். முதலாவது, நீங்கள் தேர்ந்த ஆண்டுகளைச் சேர்ந்த, அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு நிஜ கவுனின் படங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் தங்கள் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. முதுகுப்புறப் படம் இருக்கும் கவுனையே தேர்ந்தெடுங்கள், வெட்டின் ரகசியமெல்லாம் முதுகில்தான் இருக்கிறது. சினிமா ஸ்டில்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். இரண்டாவது, அளவுத் தாள். மூன்றாவது, வரலாற்று நிகழ்ச்சி எதிலாவது கலந்துகொள்ளத் தைக்கிறீர்கள் என்றால் அவர்களின் உடை விதிகள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மிஷின் தையல் கூடாது, பாலியஸ்டர் கூடாது என்று வைத்திருப்பார்கள். துணி வாங்குவதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

2. நாளும் செலவும்

உள்ளே மறையும் நீளத் தையல்களை மிஷினிலும் வெளியே தெரிவதைக் கையிலும் தைத்தால், முதல் தடவை தைக்கிறவருக்குத் தோராயமாக இப்படிப் பிடிக்கும்: ஷிஃப்ட் (உடம்பை ஒட்டிப் போடும் லினன் உள்ளாடை) 10 மணி நேரம், ஸ்டேஸ் 40, பைகளும் இடுப்பு மெத்தையும் 5, இரண்டு பாவாடைகள் 10, கவுன் 40 முதல் 45, மற்ற சில்லறைகள் 6. வாரத்துக்கு 10 மணி நேரம் உட்கார முடிந்தால் 11, 12 வாரம். அதன்மேல் 2 வாரம் கையிருப்பு வைத்து, நிகழ்ச்சிக்கு 14 வாரம் முன்பே தொடங்குங்கள். ஸ்டேஸை இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் கடைசி வாரத்தில் கவுனைக் கிழித்துக் கிழித்துத் தைப்பார்கள்.

சென்னையில் வாங்கினால், லினன் சேர்த்துப் பருத்தியில் முழு உடைக்கும் 10,000 ரூபாயை ஒட்டி ஒதுக்குங்கள். இதில் பெரிய பங்கு லினனுக்கு. கவுனைப் பட்டில் தைத்தால் செலவு சுலபமாக இரட்டிக்கும். முதல் கவுனைப் பருத்தியில் தைப்பதே புத்திசாலித்தனம்.

3. துணி

லினன், 150 செ.மீ. அகலம்: ஷிஃப்டுக்கு 2.5 மீ., ஸ்டேஸுக்கும் கவுன் லைனிங்குக்கும் 3 மீ. கவுனுக்கு அச்சுப் பருத்தி, 115 செ.மீ. அகலம்: 6 மீ. அதே துணியில் மேல்பாவாடையும் வேண்டுமானால் இன்னும் 3 மீ. உள்பாவாடைக்குச் சாதாரண வெள்ளைப் பருத்தி 3 மீ. மாதிரி தைத்துப் பார்க்கக் காடாத் துணி 5 மீ. கழுத்துத் துணிக்கு மெல்லிய மல்மல் 1 மீ.

அச்சு எப்படி இருக்க வேண்டும்? வெள்ளை அல்லது பால் நிறத் தரை, அதில் இடைவெளி விட்டுக் கொடியோ பூவோ. ஐரோப்பாவில் ஆசைப்பட்டு உடுத்திய சின்ட்ஸ் எனும் பூப்போட்ட பருத்தித் துணியில் ஒரு பெரும் பகுதி பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் வழியாகச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போனதுதான். ஆனாலும் இன்று கடையில் கிடைக்கும் மசூலிப்பட்டினக் கலம்காரி எல்லாமே பொருந்தாது. தரை பழுப்பாகவும் அச்சு அடர்த்தியாகவும் இருந்தால் தள்ளி வையுங்கள். ராஜஸ்தானின் சாங்கனேர் அச்சில் வெள்ளைத் தரையும் சின்னப் பூவும் கொண்டவை 1780களுக்கு நன்றாகப் பொருந்தும். கொடி மேல்நோக்கி வளரும் அச்சானால் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டியிருக்கும், அரை மீட்டர் கூட வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுப் பருத்தி உடுத்துவதைத் தடுத்தது. உள்நாட்டில் நெய்து அச்சிட்ட பருத்திக்கு 1774இல்தான் வழி திறந்தது. ஆகவே 1750இன் ஆங்கிலப் பெண்ணுக்கு இந்தத் துணியில் கவுன் தைக்க நினைத்தால் யோசியுங்கள். தடை இல்லாத நெதர்லாந்துக்குக் கதையை மாற்றலாம், அல்லது பட்டு, லினன், கம்பளி பக்கம் போகலாம்.

கடைக்காரர் “ப்யூர்” என்று சொல்வதை நம்பி 6 மீட்டர் வாங்காதீர்கள். பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை உருவித் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள், கலப்பு ஒரு பக்கம் மட்டும் இருக்கக்கூடும். பருத்தியும் லினனும் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகிய வாடையோடு அணையும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பட்டே வாங்கினாலும் முடிச்சு முடிச்சாக இருக்கும் டூப்பியான் வேண்டாம், அந்த முடிச்சுகளை அன்றைய நெசவில் குறையாகப் பார்த்தார்கள். வழுவழுப்பான டாஃபெட்டா சரி.

லினனை வெட்டுமுன் வெந்நீரில் இரண்டு தடவை நனைத்துக் காயவிட்டு, ஈரம் இருக்கும்போதே தேயுங்கள். அச்சுத் துணியில் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

4. ஷிஃப்ட்

உடம்பை ஒட்டி இருக்கும் முழங்கால் நீள லினன் உள்ளாடை. எல்லாம் சதுரமும் செவ்வகமும் முக்கோணமும்தான், துணி வீணாகாது. உடல்துண்டு 75 செ.மீ. அகலம், 220 செ.மீ. நீளம், தோளில் மடிக்க வேண்டும், தோள் தையல் கிடையாது. பக்கங்களில் 60 செ.மீ. உயர முக்கோணங்கள். கை 40 செ.மீ. சுற்று, முழங்கையைத் தொடும் நீளம். அக்குளில் 12 செ.மீ. சதுரத் துண்டு கட்டாயம், அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது கிழியும்.

கழுத்தை முதலில் சின்னதாக மட்டும் வெட்டுங்கள். இறுதி வடிவம் ஸ்டேஸ் முடிந்தபின். கை சுற்று 40ஐத் தாண்டினால் கவுன் கைக்குள் கசங்கி முண்டும்.

5. ஸ்டேஸ்

முழு வேலையில் பாதி கவனம் இங்கே போக வேண்டும். இடுப்பை ஒட்ட இறுக்குவது இதன் நோக்கம் அல்ல. மார்பைத் தூக்கி, உடம்பை மேலே அகன்று கீழே குறுகும் வழுவழுப்பான கூம்பாக ஆக்குவதே இதன் வேலை. கடையில் கிடைக்கும் ‘கார்செட்’ மார்பைக் கிண்ணம் போல வளைத்து இடுப்பை உள்ளே தள்ளும். அது அடுத்த நூற்றாண்டின் உருவம், அதன் மேல் இந்த கவுன் உட்காராது.

அளவு: மார்பு, மார்பின் கீழ்ச்சுற்று, இடுப்பு, அக்குளிலிருந்து இடுப்பு, பிடரியிலிருந்து இடுப்பு. மார்பு 90 செ.மீ. என்றால் அழுத்தத்துக்கு 5, பின்னால் நாடா இடைவெளிக்கு 5 கழித்து, தைத்து முடித்த ஸ்டேஸ் 80 செ.மீ. வர வேண்டும். இடைவெளி விடாமல் அளவாகத் தைத்தால், துணி உடம்புச் சூட்டில் கொஞ்சம் தளர்ந்ததும் இறுக்க இடம் இருக்காது.

அன்று உள்ளே செருகியது திமிங்கில வாயின் பலீன் பட்டை. இன்று அதற்குப் பதிலாகச் செயற்கை பலீன் விற்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. அகலக் கனமான கேபிள் டை முதல் ஸ்டேஸுக்குத் தாராளமாகப் போதும். பாதி இடம் மட்டும் பட்டை வைக்கும் வகைக்கு 10 முதல் 15 மீ. பட்டை வேண்டும். ரவிக்கைக்கு வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் போன் வேண்டாம், ஒரு நாளில் வளைந்து அப்படியே நிற்கும்.

மாதிரி தைக்கும்போது காடாவை இரண்டாக அடுக்கி, முன்னும் பக்கமும் பட்டைகளை டேப்பால் ஒட்டி, நாடா கட்டிப் பாருங்கள். பட்டை இல்லாத மாதிரி எதையும் சொல்லாது. அதைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நாற்காலியில் உட்காருங்கள். முன்முனை தொடையைக் குத்தினால் 1 அல்லது 2 செ.மீ. குறையுங்கள். அக்குளின் முன்பக்கம் வெட்டினால் அங்கே பள்ளம் கூட்டுங்கள். மார்பு மேலே பிதுங்கினால் மேல்விளிம்பு இறுக்கமாக இருக்கிறது. கீழே தொங்கும் நாக்குகளின் வெட்டு சரியாக இடுப்புக் கோட்டில் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே தொடங்கினால் நாக்கு விரியாமல் இடுப்பெலும்பில் பதியும், பாவாடைகளின் பாரம் முழுவதும் அந்த இடத்தில் இறங்கும்.

கெட்டி லினன் இரண்டு அடுக்கில் கோடு போட்டு, பட்டைக்கான குழல்களை மிஷினில் தையுங்கள். குழலின் அகலம் பட்டையைவிட 2 மி.மீ. அதிகம், அதாவது 8 மி.மீ. பட்டைக்கு 10 மி.மீ. குறைத்தால் பட்டை உள்ளே போகாது, கூட்டினால் திரும்பிக்கொள்ளும். பட்டையின் முனைகளை வெட்டி, நக அரத்தால் வட்டமாகத் தேயுங்கள். ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே நிற்கட்டும். இல்லையென்றால் ஓரப்பட்டி தைக்கும்போது ஊசி பட்டையில் மோதி முறியும்.

நாடாத் துளைகளுக்கு உலோக ஐலெட் அடிக்காதீர்கள், அது இந்தக் காலத்தது அல்ல. கத்தரியால் ஓட்டை வெட்டாமல், குத்தூசியால் இழைகளை விலக்கித் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய கனத்த நூலால் சுற்றிலும் 20, 25 தையல் போடுங்கள். இழை அறுபடாததால் இந்தத் துளை கிழியாது. பக்கத்துக்கு 12 அல்லது 13 துளை, 2.5 செ.மீ. இடைவெளி. ஒரே நாடா சாய்வாக ஏறிப் போகும் சுருள் கட்டு என்பதால் ஒரு பக்கத்துத் துளைகள் மறுபக்கத்தைவிட அரை இடைவெளி தள்ளி இருக்க வேண்டும். எதிரெதிரே குத்திவிட்டால் கட்டியதும் ஒரு பக்கம் மேலேறி நிற்கும். ஒரு துளைக்குக் கால் மணி நேரம் ஆகும்.

கடைசியில் ஓரப்பட்டி. 2 செ.மீ. அகல லினன் நாடா அல்லது மெல்லிய தோல். நாக்குகளின் நடு வளைவில் கை வலிக்கும், ஒரு நாளைக்கு இரண்டு நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் லைனிங்கை எல்லாம் முடிந்த பிறகு லேசான கைத்தையலில் வையுங்கள். வேர்வையில் அது முதலில் நையும், பிரித்து மாற்ற வசதியாக இருக்கட்டும்.

6. பைகள், இடுப்பு மெத்தை, பாவாடை

பைகள் தனியாக நாடாவில் கோத்து இடுப்பில் கட்டுபவை, 38 செ.மீ. நீளம், அடியில் 25 அகலம், 20 செ.மீ. வாய்ப்பிளவு.

இடுப்பு மெத்தை பிறை வடிவம், பின்நடுவில் 12 செ.மீ. அகலம். இலவம்பஞ்சை இறுக்கித் திணியுங்கள். தளர்வாக இருந்தால் இரண்டு பாவாடைகளின் கீழ் தட்டையாகிவிடும்.

பாவாடைச் சுற்று 3 மீ. பக்கங்களில் 25 செ.மீ. திறப்பு விட்டால் கை பைக்குள் போகும். பலரும் தடுமாறுவது நீளத்தில். கீழ் ஓரத்தை நேர் இழையில் அப்படியே விட்டுவிட்டு, மெத்தையின் மேட்டுக்கு ஏற்ப மேல்விளிம்பை மட்டும் வளைத்து வெட்ட வேண்டும். ஸ்டேஸும் மெத்தையும் கட்டி, தேவையான செருப்பும் போட்டு, முன், பக்கம், பின் என்று இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூன்று அளவு எடுங்கள். பின் அளவு முன்னைவிட அதிகம் வரும், அந்த வித்தியாசத்தை மேலே கழியுங்கள். கீழே வெட்டினால் பூவரிசையும் ஓரமும் கோணும்.

மடிப்புக் கணக்கு: பின்துண்டு 150 செ.மீ., அரை இடுப்பு 38 என்றால் 112 செ.மீ. உள்ளே போக வேண்டும். வெளியே 2 செ.மீ. தெரியும் மடிப்பு 19. ஒவ்வொன்றின் உள்ளும் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக மறையும். புடவைக் கொசுவம் போலக் கையால் எடுத்து, குண்டூசி குத்தி, பிறகு இடுப்பு நாடாவில் தையுங்கள். பின்துண்டின் நாடாவை முன்னால் முடிந்து, முன்துண்டின் நாடாவைப் பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவந்து முடிய வேண்டும்.

7. கவுன்

இனி உள்ளே எல்லாம் கட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தனக்குத் தானே முதுகில் அளவு பார்க்க முடியாது.

லைனிங்தான் அடித்தளம். முதலில் காடாவில். முன்துண்டின் நேர் இழையை முன்நடுவில் வைத்துக் குத்தி, உள்ளங்கையால் பக்கம் நோக்கி நீவி விடுங்கள். மிஞ்சும் துணியைப் பக்கத் தையலிலும் தோளிலும் மட்டும் பிடியுங்கள். மார்பில் டார்ட் கிடையாது. டார்ட் தேவைப்படுகிறது என்றால் ஸ்டேஸ் சரியில்லை, அங்கே திரும்பிப் போங்கள். முதுகு நான்கு துண்டு. நடு இரண்டும் மேலே அகன்று, இடுப்பில் 2, 3 செ.மீ. வரை குறுகி முனையாக முடியும். பக்கத் தையல் இன்றைய ரவிக்கையைவிட நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருக்கும்.

கைக்குழியைச் சின்னதாக, அக்குளுக்கு மிக அருகில் வையுங்கள். இறுகும் என்று பயந்து பெரிதாக வெட்டினால் நேர்மாறாக நடக்கும்: கையைத் தூக்கும்போது கவுனின் முழு மேல்பாகமும் கூடவே ஏறும். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் பள்ளம் வேண்டும்.

மாதிரி திருப்தியானதும் லினனை வெட்டி, அதன் மேல் அச்சுத் துணியை வைத்து, இரண்டையும் ஒன்றாக நடத்துங்கள். முதுகுத் தையலுக்கு, ஒரு துண்டின் ஓரத்தை மடித்து அடுத்ததன் மேல் ஏற்றி, மடிப்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி துணியின் வெளிப்பக்கத்திலிருந்தே சின்னப் பின்தையல் போடுங்கள், அங்குலத்துக்கு 8 முதல் 10. கவுனின் முதுகைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது இந்தக் கோடுகள். நூல் துணித் தரையின் நிறத்தில் இருக்கட்டும்.

கையை ஏற்றும் முறை நம் தையலிலிருந்து வேறுபட்டது. கையின் அடிப்பாதியை மட்டும் கைக்குழியில் பின்தையலால் இணையுங்கள். மேல்பாதியை, கவுனைப் போட்டிருக்கும்போதே தோள் லைனிங்கின் மேல் படிய வைத்து, மிஞ்சுவதைச் சின்ன மடிப்புகளாக்கிக் குத்தி, அங்கேயே தையுங்கள். பிறகு அச்சுத் துணியில் வெட்டிய ஒரு பட்டையைத் தோளின் மேல் வைத்து ஓரங்களை மூடுங்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக் கை நீளம் பாருங்கள்.

பாவாடைப் பகுதி முன்னால் திறந்தே இருக்கும், முன்நடுவிலிருந்து 8, 10 செ.மீ. விட்டுத் தொடங்கட்டும். பின்னால் மடிப்பு 1 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, பக்கங்களில் ஆழமாக இருக்கலாம். மேல்பாகத்தின் கீழ் ஓரத்தை முதலில் மடித்து முடித்துவிட்டு, ஒவ்வொரு மடிப்பையும் அதில் தனித்தனியாகக் கொத்துத் தையலில் பிடியுங்கள். மிஷினில் ஓட்டினால் மடிப்புகள் நசுங்கி, பின்புறம் எழும்பாது. பைக்கான திறப்பை மறக்காதீர்கள். நீளத்தைப் பாவாடைக்குச் சொன்னபடியே மேலே சரிசெய்யுங்கள்.

8. மற்றவை

மல்மல் 90 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் இரண்டு கழுத்துத் துணி, ஓரத்தைச் சுருட்டித் தையுங்கள். வெள்ளைத் தொப்பி ஒன்று, ஏப்ரன் ஒன்று. நைலான் லேஸ் வைத்து இத்தனை உழைப்பையும் கெடுக்காதீர்கள். நல்ல லேஸ் கிடைக்காவிட்டால் அதே மல்மலில் சுருக்கு வைத்தால் போதும்.

9. உடுத்தும் வரிசை

ஷிஃப்ட், காலுறை, அடுத்து செருப்பு. ஸ்டேஸ் கட்டியபின் குனிந்து செருப்பு மாட்டுவது பெரும் பாடு. பிறகு ஸ்டேஸ், உள்பாவாடை, பைகள், இடுப்பு மெத்தை, மேல்பாவாடை, கழுத்துத் துணி, கவுன், ஏப்ரன்.

கவுனை மூட 3, 4 செ.மீ.க்கு ஒரு குண்டூசி. ஊசியைப் படுக்கை வாட்டில் செலுத்தி, ஸ்டேஸின் மேல்துணியை மட்டும் பிடித்து, முனையைத் துணிக்குள்ளேயே புதைத்துவிடுங்கள். மணித்தலை ஊசி வேண்டாம், தலை சின்னதாக இருக்கும் சாதாரண எஃகு ஊசி போதும். நிகழ்ச்சிக்குப் போகும்போது பையில் 20 ஊசி, மெழுகு பூசிய நூல், மாற்று நாடா ஒன்று இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஷிஃப்டைத் துவையுங்கள். ஸ்டேஸையும் கவுனையும் துவைக்காமல், ஒரு இரவு நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மறுநாள் மடித்து வையுங்கள்.